எங்க தெரு பச்சை!

கம்ப்யூட்டரில் எங்கள் தெரு பச்சையாக இருந்தது. பச்சை என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தம். பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பின்னாலேயே வயிற்றைக் கலக்கியது.

காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 26, ராத்திரி பன்னிரண்டு அடிக்கக் கால் மணி. எண்ணூர் பெரியகுப்பத்துக்கு எதிரே, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கரையோரம் தண்ணீர் கொதிக்கிற மாதிரி குமிழி விட்டது. கண்ணெரிச்சல், மூச்சுத் திணறல். ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பல பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த ஓட்டத்தில் நானும் ஒருத்தன். லுங்கியோடு, அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, மூஞ்சியில் ஈரத்துண்டு. திருவொற்றியூர் வந்துதான் திரும்பிப் பார்த்தேன். (அடுத்த வீட்டு மாமா டிவியை அணைக்காமல் வந்துவிட்டதற்காக வழியெல்லாம் புலம்பினார்.)

வயிற்றுப் பிழைப்புக்கு நான் செய்வதும் இதே சமாசாரம்தான். குழாய் உடைந்தால், புகைபோக்கி கக்கினால், காற்று எதை எங்கே கொண்டுபோகும் என்று கணக்குப் போடும் கம்பெனி. போன வருஷம் ஒரு வேலை வந்தது: கரையோரக் குழாய் ஒன்றில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமைக்குள் ரிப்போர்ட். வரைபடத்தில் எங்கள் குப்பமும் இருந்தது.

முறை எளிது. ஊரையும் கடலையும் சின்னச் சின்ன முக்கோணங்களாகக் கூறு போட்டு, மேலே இருக்கும் காற்றை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். இதற்கு மெஷ் என்று பெயர். நம் பாஷையில் வலை. ஒவ்வொரு முடிச்சிலும் அமோனியா எவ்வளவு என்று கம்ப்யூட்டர் சொல்லும். அவசரத்தில் நான் 500 மீட்டர் பக்கமுள்ள முக்கோணமாகப் போட்டுவிட்டேன். ஒன்று சுமார் 27 ஏக்கர் வரும்.

குழாய் ஓட்டை ஒரு புள்ளி. அது முக்கோணத்தின் நடுவில் மாட்டிக்கொண்டது. அங்கே முடிச்சு இல்லை. சாஃப்ட்வேர் என்ன செய்தது? கசிவை மூன்று மூலைக்கும் பங்கு போட்டுவிட்டது, பாகப்பிரிவினை மாதிரி. ஒரு ஓட்டை மூன்று ஓட்டையானது: ஒன்று கடலில், ஒன்று மணலில், ஒன்று டீக்கடை வாசலில். வாயு பிறக்கும்போதே 27 ஏக்கருக்குப் பரந்து நீர்த்துப் போனது. தெரு பச்சை. எரர் மெஸேஜ் ஒன்றும் வரவில்லை, அதுதான் வேடிக்கை.

அன்று சாயங்காலம் மாமா வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாடா படிச்சே நீ? கரைவலையைப் பாரு. மடியாண்ட கண்ணு சிறுசு. கை பக்கம் போகப் போகப் பெரிசு. மீனு எங்க வந்து சேருதோ அங்கதான் நெருக்கமாப் பின்னணும். முழுக்கப் பொடிக் கண்ணா பின்னுனா இழுக்க ஆள் பத்தாது."

மறுநாள் ஓட்டை இருக்கும் இடத்தில் ஒரு முடிச்சைக் கட்டாயமாகப் பதித்தேன். அப்படிச் சொல்லிவைக்காவிட்டால் புள்ளி படத்தில் இருக்கும், வலையில் இருக்காது. அதைச் சுற்றி 5 மீட்டர் முக்கோணம். அடுத்த வரிசை 20 சதவீதம் பெரிசு. இப்படியே விரிந்து நடுக்கடலில் 500. ராத்திரி முழுக்க ஓடியது.

காலையில் புது வம்பு. 5 மீட்டருக்குப் பதில் 2.5 வைத்தால் ஓட்டையில் வரும் எண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இன்னும் பாதியாக்கினால் மறுபடி இரண்டு மடங்கு.

மேனேஜர் மிரண்டுபோனார். "என்னய்யா, தங்கம் விலை மாதிரி ஏறிட்டே போகுது?"

சாஃப்ட்வேர் மேல் தப்பில்லை. கணக்குப்படி, புள்ளிக்குப் பாதி தூரம் நெருங்கினால் அடர்த்தி இரண்டு மடங்கு. தூரம் பூஜ்யமானால் முடிவிலி! நிஜ ஓட்டைக்கு அகலம் உண்டு, புள்ளிக்கு ஏது? ஆகவே புள்ளியில் வரும் எண்ணைப் பார்க்கவே கூடாது. தள்ளி, ஜனங்கள் இருக்கிற இடத்தில் பார்க்கணும். அங்கே முதல் தெருவில், மெஷ்ஷை எவ்வளவு பொடியாக்கினாலும் எண் அசையவில்லை. அதை நம்பலாம்.

ஆனால் அந்தத் தெரு இப்போது பச்சை இல்லை. 25 பிபிஎம்முக்கு மேல் மஞ்சள், 300க்கு மேல் சிவப்பு என்று வைத்திருந்தேன். 300 என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறித்திருக்கும் அளவு. தெரு மஞ்சள். கடலோரக் கடைசி நாலு வீடு சிவப்பு.

"பழைய படத்தையே கிளையன்ட் பார்த்துட்டார்யா. ரொம்ப நல்லாருக்குன்னுட்டார்" என்றார் மேனேஜர். பிறகு ஸ்க்ரீனில் விரல் வைத்து, "இது என்ன, நாலு வீடு?"

"மூணாவது எங்க வீடு சார். அம்மா இருக்காங்க."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பச்சைப் படத்தை எடுத்துடு. முக்கோணம் எத்தனை மீட்டர்னு முதல் பக்கத்திலேயே போடு. அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

பேசினார். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம். வெளியே வந்து, "காபி சொல்லு" என்றார். எனக்கும் சேர்த்தா என்று கேட்கவில்லை.