காப்பு போடாத மூன்று மாறிகள்

"சிஸ்டம் வேகமா இருக்கணும், நம்பகமா இருக்கணும்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் எனக்கு ஏரியான் 5 ராக்கெட்தான் நினைவுக்கு வரும். 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானா. சுமார் 40 நொடியில் வானிலேயே சிதறியது.

வழிகாட்டும் கணினியின் மென்பொருள் 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணித்ததுதான் வினை. ஆனால் விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கியது வேறொன்று. அப்படி ஆபத்தான மாறிகள் ஏழு என்று முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். நான்குக்குக் காப்பு போட்டு, மூன்றை விட்டுவிட்டார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாதே! அந்த மென்பொருள் ஏரியான் 4-இலிருந்து வந்தது; அதன் பாதைக்கு அந்தக் கணக்கு சரி. ஏரியான் 5 கிடைமட்டமாக அதைவிட வேகமாகப் போன ராக்கெட். அந்தக் கணினிக்கு மாற்று யூனிட் இருந்தது. அதிலும் அதே மென்பொருள். முதலில் விழுந்ததே அந்த மாற்று யூனிட்தான்.

அதனால் "நம்பகமானது" என்ற வெறும் சொல்லை டிசைன் ரிவ்யூவில் நான் ஏற்பதில்லை. என்ன நடந்தால், எத்தனை நொடியில், என்ன செய்யும் என்று எழுதச் சொல்வேன். போன வாரம் எங்கள் குழுவில் எழுதினோம்: "ஒரு சர்வர் விழுந்தால் 30 நொடியில் அடுத்தது ஏற்கும்." எழுதிய பிறகுதான், இரண்டும் ஒரே டேட்டாபேஸை நம்பி நிற்பது கண்ணில் பட்டது.