ஊர் எழுதிய கல்

கட்ச் மாவட்டத்திற்குப் பிழைப்பை நாடி வந்த நம்மவர்கள், இந்நிலம் வறண்டது, உப்புப் படிந்தது என்பதையே முதலில் காண்கிறார்கள். இங்குள்ள ஜுமாரா, ஜுரா முதலிய குன்றுகள் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தவை. சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடலுயிர்கள் அங்கே கல்லாய்ச் சமைந்திருக்கின்றன. அவற்றுள் பவளங்களும் உண்டு. கட்ச் பவளங்களைப் பற்றி ஜே. டபிள்யூ. கிரிகரி என்னும் அறிஞர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1900-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

எங்கள் இரயில்வேக் குடியிருப்பில் இருந்த தமிழ்க் கார்டு ஒருவர், ஓய்வு நாள்களில் இக்குன்றுகளில் அலைந்து கற்களைச் சேர்த்து வந்தார். சென்ற ஆண்டு அவர் காலமானார். வீட்டை ஒப்படைத்துவிட்டுக் கும்பகோணம் திரும்பவிருந்த அவருடைய மனைவியார் எங்களை அழைத்து, "தம்பி, இந்தக் கல்லுப் பெட்டியைச் சுமந்துகொண்டு போக என்னால் ஆகாது. யாருக்காவது பயன்படுமென்றால் கொடுத்துவிடுங்கள். குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள், பதினைந்து வருஷம் அலைந்து சேர்த்தது" என்றார்.

குமாஸ்தாக்கள் மூவராகிய நாங்கள் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். ஆகவே, கல்லூரியில் நிலவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் துணையை நாடினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அப்பெட்டியுடன் கழிந்தன.

முதற்கேள்வி, கல் பவளந்தானா என்பது. எலுமிச்சைச் சாறு பட்டு நுரைத்தால் பவளம் என்று சிலர் சொல்வர். நுரை, கல்லில் சுண்ணாம்பு உண்டு என்பதை மட்டுமே காட்டும். கல்லாகிய சிப்பியும் நுரைக்கும். கல்லைக் கழுவி, ஈரம் காயுமுன் பூதக்கண்ணாடியால் நோக்க வேண்டும். பவள உயிர் குடியிருந்த கிண்ணத்தினுள், விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல மெல்லிய தடுப்புகள் தெரியும். கடற்பஞ்சில் துளைகள் உண்டு. இத்தகைய ஆரங்கள் இல்லை. கடல் அல்லியின் தண்டுத் துண்டும் விண்மீன் வடிவம் காட்டும். ஆனால் அதன் அமைப்பு பெரும்பாலும் ஐந்தைந்தாக இருக்கும். இவ்வாறு பார்த்ததில் 43 கற்களுள் 18 பவளங்கள் என்று தேறின.

அடுத்த கேள்வி, எந்தப் பவளம் என்பது. அந்தப் பெரியவர் அயல்நாட்டுப் படப்புத்தகம் ஒன்றை நோக்கி, தேன்கூடு போன்ற கற்களுக்கெல்லாம் 'பேவோசைட்டஸ்' என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். ஆசிரியர் அதை மறுத்தார். அவ்வினம் சேர்ந்த கூட்டம் முழுவதும் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோயிற்று. 16 கோடி ஆண்டுப் பாறையில் அது இருக்க வழியில்லை. இவை, ஆரங்கள் ஆறின் மடங்குகளாய் அமையும் பிற்காலக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இன்று கடலில் பவளப்பாறைகளைக் கட்டும் உயிர்களுக்கு உறவானவை.

பாறையின் வயது எவ்வாறு தெரிந்தது? அதே சீட்டில் அவர், "ஜுமாரா, ஓடையின் வடகரை, கீழடுக்கு" என்று தமிழில் எழுதித் தேதியும் இட்டிருந்தார். அவர் எழுதிய பெயரைத் தள்ளுவதற்கே அவர் எழுதிய ஊர்தான் சான்றாயிற்று! உட்பிரிவை அறிய, கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்திற்குத் தேய்த்து நுண்ணோக்கியில் காண வேண்டும். அதற்கென ஏழு கற்களை ஆசிரியர் தேர்ந்தெடுத்தார்.

பெட்டியிலேயே அழகான கல், நட்சத்திரம் நட்சத்திரமாய்ப் பூத்திருந்த ஒன்று. அதற்குச் சீட்டு இல்லை. கட்சில் எடுத்ததோ, ஊருக்குப் போனபோது அரியலூர்ப் பக்கம் எடுத்ததோ, யாரறிவார்? அரியலூர் வட்டாரத்திலும் பவளக் கற்கள் உண்டு. தென்னிந்தியப் பவளங்களைப் பற்றி ஸ்டோலிக்ஸ்கா 1873-இல் எழுதியிருக்கிறார். எந்த அடுக்கினது என்று அறியாத கல் ஆராய்ச்சிக்கு உதவாது என்று ஆசிரியர் அதை ஒதுக்கினார்.

சீட்டுள்ள 17 பவளங்களும், சேகரித்தவர் என்ற இடத்தில் பெரியவரின் பெயர் தாங்கிக் கல்லூரிக்குச் சென்றன. அம்மையாரிடம் செய்தியைச் சொன்னபோது, "அப்படியானால் ஊர் தெரியாத அந்தக் கல் என்னோடு வரட்டும்" என்று வாங்கிப் புடவைக்குள் சுற்றி வைத்துக்கொண்டார்.

நம் பிள்ளைகளில் கல் பொறுக்கும் ஆசையுடையோர் இருப்பார்கள். ஒவ்வொரு கல்லையும் தனித்தாளில் மடித்து, எடுத்த இடத்தையும் நாளையும் அங்கேயே எழுதிவைக்க அவர்களைப் பழக்குவோம். பெயரைக் கற்றவர்கள் பிற்பாடு திருத்திக்கொள்வார்கள். எடுத்த இடத்தை எடுத்தவர் ஒருவரே சொல்ல முடியும்.