பழைய ஜீப்பும் மறைக்கப்படாத குறைகளும்



பழைய வாகனம் வாங்குவதும் விற்பதும் நம் குடும்பங்களில் அன்றாடச் செயலாகிவிட்டது. புதிய வண்டிக்குக் கடன் எடுத்தால் வட்டியில் விழ நேரும் என்று அஞ்சி, கையிலுள்ள தொகைக்கேற்ப ஒரு பழைய வண்டியைத் தேடுவோர் நம்மில் பலர். அந்த அச்சம் பாராட்டுக்குரியது. ஆனால் வட்டியிலிருந்து தப்பியவர் ஏமாற்று வணிகத்தில் அகப்பட்டுக்கொள்வதும், பின்னொரு நாள் அதே வண்டியை விற்கும்போது தாமே அந்த ஏமாற்றைச் செய்வதும் நடக்கின்றன. எங்கள் ஜமாஅத்துக்காக இரண்டு இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ஒரு ஜீப்பை வாங்கி, ஐந்தாண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்து வருகிறோம். அந்த அனுபவத்தில் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் ஊர் பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளது. மேலே காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் சில குடும்பங்களின் பிள்ளைகளுக்காக எங்கள் மதரஸா ஒரு சிறிய மக்தபை நடத்துகிறது. தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து அங்கே செல்ல ஒன்பது கிலோமீட்டர் மண்பாதை; இடையில் ஓர் ஓடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாதாரணக் கார் முதல் ஏற்றத்திலேயே நின்றுவிடும். வாடகை ஜீப்புக்கு வாரந்தோறும் கொடுத்து வந்த தொகையைக் கணக்கிட்ட ஜமாஅத்தார், சொந்தமாகவே ஒன்றை வாங்க முடிவு செய்து மூன்று இலட்சம் ரூபாய் திரட்டினர். தையல் வேலை செய்து பிழைக்கும் பெண்கள் கொடுத்த நூறு ரூபாய்த் தாள்களும் அதில் இருந்தன. வண்டியைத் தேடும் பொறுப்பு முத்தவல்லியிடமும் என்னிடமும் ஒப்படைக்கப்பட்டது.

நாங்கள் தேடியது மஹிந்திரா எம்.எம்.540 ரகம். 2112 சி.சி. கொள்ளளவுள்ள, பியூஜோ வடிவமைப்பிலான டீசல் எஞ்சின், பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் ஃபோர் வீல் அமைப்பு. கணினிப் பாகங்கள் ஏதும் இல்லாததால் மலையடிவாரத்து ஒர்க்‌ஷாப்களில் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த நிறுவனத்தின் வரலாற்றில் நம் வாசகர்கள் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1945-இல் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முஹம்மதும் சேர்ந்து இதைத் தொடங்கியபோது அதன் பெயர் ‘மஹிந்திரா அண்ட் முஹம்மது’. பிரிவினையின்போது குலாம் முஹம்மது பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948-இல் நிறுவனம் இன்றைய பெயரைப் பெற்றது. வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்பதை அது 1947-இலேயே தொடங்கியிருந்தது. நாம் காணும் பழைய ஜீப்புகள் யாவும் அந்த வழித்தோன்றல்களே.

முதலில் பார்த்த வண்டி ஒரு விற்பனையாளரிடம் இருந்தது. ஜமாஅத்தில் ஒருவருக்கு அவர் உறவுமுறை. பளபளக்கும் புதிய பெயிண்ட். மீட்டர் 74,000 கிலோமீட்டர் காட்டியது. “இருபது வருஷத்துக்கு மேல ஆன வண்டி இவ்வளவு கம்மியா ஓடினது வேற எங்கயும் கெடைக்காது ஹஸ்ரத்” என்றார் அவர். எங்களுடன் வந்த மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. போனவுடன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்; சூடாக இருந்தது. பிறகு கிளட்ச், பிரேக் பெடல்களைக் காட்டினார். ரப்பர் தேய்ந்து, அதன் அடியிலிருந்த இரும்பும் ஒரு பக்கம் வழவழப்பாகியிருந்தது. அதன்பின் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். சேசிஸின் ஒரு பகுதியில் மட்டும் கறுப்புப் பெயிண்ட் கனமாகப் பூசப்பட்டிருந்தது. சாவியின் நுனியால் சுரண்டியபோது வெல்டிங் தழும்பு வெளிப்பட்டது.

பழைய வண்டிகள் பலவற்றின் மீட்டரில் கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999-ஐத் தாண்டியதும் மீண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே 74,000 என்பது 1,74,000 ஆகவோ 2,74,000 ஆகவோ இருக்கலாம். மீட்டரை யாரும் திருப்பாமலேயே அது பொய் சொல்ல முடியும். விற்பவர் வாய்மூடி இருந்தாலே போதும்.

திரும்பும் வழியில் உடன் வந்த ஒருவர் மனவருத்தத்தோடு கேட்டார்: “நம்ம ஆளு ஹஸ்ரத். அடியில படுத்து, சுரண்டிப் பார்த்தது அவருக்குச் சங்கடமா இருந்திருக்கும். ஒரு முஃமினைச் சந்தேகப்படலாமா?” இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. தீய எண்ணம் கொள்ள வேண்டாமென்று மார்க்கம் நம்மைத் தடுக்கத்தான் செய்கிறது. ஆனால் பொருளைச் சோதிப்பது வேறு, மனிதரைப் பழிப்பது வேறு. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்ததையும், உள்ளே ஈரம் தட்டுப்பட்டபோது, மழையில் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டதையும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்ததையும் நாம் மிம்பர்களில் கேட்டு வளர்ந்தவர்கள். குவியலுக்குள் கைவிட்டது அந்த வணிகரை அவமதிப்பதாக யாரும் கருதவில்லை. அதிலும் நாங்கள் செலவிட இருந்தது எங்கள் பணமன்று. பிறர் நம்பி ஒப்படைத்த அமானிதத்தைக் கொண்டு, கூச்சத்தின் காரணமாக அடியில் பார்க்காமல் ஒரு வண்டியை வாங்க எங்களுக்கு உரிமையில்லை.

வகுப்பில் வணிகப் பாடம் நடத்தும்போது ‘தஸ்ரியா’ என்ற சொல்லை விளக்குவதற்கு முன்பெல்லாம் மிகவும் சிரமப்படுவேன். ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்பதற்கு முன் சில நாட்கள் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து, மடி பெருத்துத் தோன்றும்படி செய்வதே தஸ்ரியா. நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அப்படி வாங்கியவர் கறந்து பார்த்த பின் அதை வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம் என்றும் அறிவித்தார்கள். ஆடு வளர்க்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எட்டாத செய்தியாகவே இருந்தது. இப்போது, மீட்டரைத் திருப்பிய வண்டியையும் பெயிண்டால் மூடிய வெல்டிங்கையும் சொல்லிவிட்டு மடி கட்டிய ஆட்டுக்கு வருகிறேன், உடனே புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாவது வண்டி, ஓய்வு பெற்ற ஒரு தோட்ட ஓட்டுநருடையது. அவர் வேறு சமயத்தவர். 1994-ஆம் ஆண்டு வண்டி. பெயிண்ட் வெளுத்திருந்தது. நாங்கள் கேட்கும் முன்பே அவர் வரிசையாகச் சொன்னார்: இரண்டு இலட்சத்தைத் தாண்டியபின் மீட்டர் ஓடவில்லை, எஞ்சினை ஒருமுறை பிரித்து போர் செய்து பிஸ்டன் மாற்றியாயிற்று, முன் ஆக்ஸில் சீலில் எண்ணெய் கசிகிறது, ஸ்டியரிங் கொஞ்சம் ஆடும், இடது பக்கத் தரைத் தகடு துருவேறி ஓட்டையாகிவிட்டது. ஓட்டையை மிதியடியைத் தூக்கி அவரே காட்டினார். சொன்ன குறைகளைச் சரிசெய்ய ஆகும் செலவை மெக்கானிக் அண்ணன் கூட்டிச் சொல்ல, அதைக் கழித்துக்கொண்டு இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் ரூபாய்க்கு 2019 டிசம்பரில் வாங்கினோம். மீதி எழுபதாயிரம் பழுதுக்கென ஒதுக்கப்பட்டது. பழைய வண்டி வாங்குவோர் கையிலுள்ள முழுத் தொகையையும் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. நான்கில் ஒரு பங்காவது முதல் ஆண்டுச் செலவுக்குக் கையில் இருக்க வேண்டும்.

வண்டியின் வயதோ ஓடிய தூரமோ குறையல்ல. அவற்றைத் தெரிந்துகொண்டு வாங்குபவர் ஏமாறுவதில்லை. மறைக்கப்படுவதே குறை. எனவே வாங்கச் செல்லும் சகோதரர்கள் இவற்றைக் கவனிக்கட்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், முன்கூட்டி இயக்க வேண்டாமென்று சொல்லி வைத்துவிட்டுச் செல்லுங்கள். முதல் இயக்கத்தில் வரும் புகையைப் பாருங்கள். நீலப்புகை தொடர்ந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது. கரும்புகை, காற்று வடிகட்டி அடைப்பையோ டீசல் பம்ப், நாசில் கோளாறையோ காட்டும். எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் எச்சரிக்கை தேவை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வருகிறதா, அளவுகோலில் ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. சேசிஸை முழுவதும் பாருங்கள். குறிப்பாக ஸ்பிரிங் தாங்கும் இடங்களை. சேசிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்த வேண்டும். ஃபோர் வீலை மண் தரையில் போட்டு ஓட்டிப் பாருங்கள். இவ்வகை ஜீப்பில் முன், பின் ஆக்ஸில்களின் வேக வேறுபாட்டை ஈடுசெய்யும் அமைப்பு இல்லை. தார்ச்சாலையில் ஃபோர் வீலில் திரும்பினால் கியர்கள் இறுகித் தேயும்.

ஆவணங்களிலும் கவனம் வேண்டும். சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையுடன் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் கார், ஜீப்புகளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆக உயர்ந்தது. எங்கள் வண்டியை 2024-இல் புதுப்பித்தோம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. முன்பு கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35-உம் தேவை. சொந்தப் பயன்பாட்டுப் பதிவிலுள்ள வண்டியைக் கூலிக்கு ஓட்டக் கூடாது. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடுக்காது.

“இருக்கிறபடி எடுத்துக்கோங்க, பிறகு கேட்கக் கூடாது” என்று சொல்லி விற்பது செல்லுமா என்று பலர் கேட்கிறார்கள். எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பு நீங்கியதாக நிபந்தனையிட்டு விற்பது ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் இந்த நிபந்தனைக்கு இடம் மிகக் குறைவு. ஆனால் தமக்குத் தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் சேசிஸ் வெல்டிங்கைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்று எவரும் எண்ண வேண்டாம்.

வாங்கிய பிறகு பராமரிப்பு. நபி (ஸல்) அவர்கள் ஒரு தோட்டத்தில் பசியாலும் கடும் உழைப்பாலும் வாடிய ஒட்டகத்தைக் கண்டு, அதன் உரிமையாளரைக் கண்டித்த நிகழ்ச்சியை அறிவீர்கள். இரும்புக்கு உயிரில்லை, அதற்குப் பசியும் இல்லை. ஆயினும் அதில் ஏறும் மனிதர்களுக்கு உயிர் உண்டு. எங்கள் ஜீப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மீட்டர் புதிதாக மாற்றப்பட்ட நாள் தொடங்கி ஒவ்வொரு செலவும் தேதியோடு அதில் பதியப்படுகிறது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும். மாதம் ஒருமுறை கிரீஸ். ஓடையைக் கடந்த வாரங்களில் ஆக்ஸில் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்ற சோதனை. ஈரமான பிரேக் டிரம்கள் பிடிக்கும் வரை மெதுவாக ஓட்டுதல். மண்பாதையின் அதிர்வில் தளரும் ஸ்பிரிங் யூ போல்ட்டுகளை மாதந்தோறும் இறுக்குதல். மார்கழிக் குளிர் தொடங்கும் முன் ஹீட்டர் பிளக்குகளைச் சோதித்தல். அவை பழுதானால் இந்த எஞ்சின் குளிரில் எளிதில் இயங்காது. இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குதல். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும்.

ஒரு மழைக்கால இரவில் தோட்டத்தில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. வண்டி அன்று மக்தபிலேயே இருந்தது. முதல் சாவியிலேயே எஞ்சின் பிடித்தது. ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். லோ கியரில் கடந்து, தார்ச்சாலை ஏறி, மருத்துவமனை போய்ச் சேர்ந்தோம். அல்ஹம்து லில்லாஹ், அவர் பிழைத்தார். உயிரைக் காப்பவன் அல்லாஹ்தான். அதற்கு முந்தைய வாரம் அந்த நோட்டுப் புத்தகத்தில் ‘ஹீட்டர் பிளக் நான்கும் மாற்றியது’ என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. அந்தச் செலவு இப்போது அவசியமா என்று கமிட்டியில் கேட்டவர்கள் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இன்னும் சில ஆண்டுகளில் இந்த ஜீப்பையும் விற்க நேரும். அப்போது நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுப்பதென்று இப்போதே தீர்மானம் எழுதியிருக்கிறோம். விலை குறையுமே, ஜமாஅத் பணத்தை விட்டுக்கொடுக்க நமக்கென்ன உரிமை என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. குறையை மறைத்தால் கிடைக்கும் கூடுதல் தொகை வாங்குபவருடைய பணம். ஜமாஅத்துக்கு அது ஒருபோதும் சொந்தமில்லை. நம்முடையதல்லாத ஒன்றை விட்டுக்கொடுப்பது எப்படி? உண்மை பேசி விளக்கிச் செய்யும் வணிகத்தில் பரக்கத் உண்டு என்ற நபிமொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் மதரஸாவின் வண்டி, அதற்கு மாறாக விற்கப்படலாகாது.

நம் கொடுக்கல் வாங்கல்களில் வாய்மையையும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணும் பொறுப்புணர்வையும், நம் பயணங்களில் பாதுகாப்பையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.