இயற்கையும் இல்லறமும் சில பழைய கார்களும்

மருதத்திணையைப் பாடம் நடத்தும் ஆசிரியனுக்கு ஆண்டுதோறும் தவறாமல் வந்துசேரும் கேள்வி ஒன்று உண்டு. தலைவன் பரத்தையிடம் செல்கிறான்; தலைவி ஊடுகிறாள்; பாணன் தூது வருகிறான்; தோழி வாயில் மறுக்கிறாள்; இறுதியில் பெரும்பாலும் கதவு திறக்கிறது. இதை விளக்கி முடிக்கும்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்: ‘அப்படியென்றால் ஒருவனுக்கு ஒருத்தி என்பது இயற்கை இல்லையா, ஐயா?’ வகுப்பு சிரிக்கும். கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லையென்றால், கேள்வி உண்மையானது என்று எடுத்துக்கொள்வேன்.

அக்கேள்வி எனக்கு வெறும் பாடக் கேள்வி அன்று. என் தாத்தாவுக்கு இரண்டு மனைவியர். மூத்தவருக்குப் பிள்ளை இல்லை என்ற காரணம் சொல்லி 1944இல் அவர் மணந்துகொண்ட இளையவரே என் அப்பாயி. சென்னை மாகாணத்தில் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்த சட்டம் 1949இல்தான் வந்தது; நாடு முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955இல் வந்தது. முதல் சட்டம் ஓர் ஆறாண்டு முந்தியிருந்தால் என் தந்தை பிறந்திருக்க மாட்டார்; இக்கட்டுரையும் இல்லை. ஆகவே ஒருதார மணமே இயற்கையின் விதி என்று மேடையேறி முழங்கும் தகுதி எனக்குப் பிறப்பிலேயே கிடையாது. அது இயற்கைக்கு மாறான தளை என்று பேசவும் நா எழவில்லை. மாற்று ஏற்பாட்டின் விலை என்ன என்பதை அப்பாயியின் முகத்தில் பார்த்து வளர்ந்தவன் நான். ‘இன்னைக்கு அந்த வீட்டு முறை’ என்று சொல்லிவிட்டு அவர் விளக்கைத் தணிக்கும் விதம், தாத்தா இறந்து பல்லாண்டுகள் கழித்தும் எங்கள் வீட்டில் ஒரு கதையாகச் சொல்லப்பட்டது.

உயிரியலைக் கேட்டால் நேரான விடை கிடைப்பதில்லை. பறவையினங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை இணையாக வாழ்பவை என்று டேவிட் லாக் 1968இல் எழுதினார். நம் புலவர்கள் அன்றிலைக் கண்டு நெகிழ்ந்ததும் அக்காட்சியால்தான். 1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் மரபணு ரேகை முறையைக் கண்டறிந்தார். அம்முறை பறவைக் கூடுகளுக்குள் நுழைந்தபோது கதை மாறியது. சேர்ந்து கூடு கட்டிச் சேர்ந்தே இரையூட்டும் இணைகளின் கூடுகளில்கூட அயல் தந்தையின் குஞ்சுகள் இருந்தன. ஆஸ்திரேலியாவின் ஃபேரி ரென் என்னும் சிறு நீலப் பறவையிடம் பாதிக்கும் மேற்பட்ட குஞ்சுகள் அப்படிப்பட்டவை. பாலூட்டிகளில் இணைவாழ்வே அரிது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இருவர் 2,500க்கும் மேற்பட்ட இனங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ 9 சதவீத இனங்களே இணையாக வாழ்கின்றன.

மனிதர்களிடம் வந்தாலும் இதே குழப்பம். ஜார்ஜ் மர்டாக் தொடங்கிவைத்த இனவரைவியல் தொகுப்பில் 1,200க்கும் மேற்பட்ட சமூகங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் ஒருதார மணத்தை மட்டுமே ஏற்றவை ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் நீலகிரியில் தோடர் குலத்துச் சகோதரர்கள் ஒரு மனைவியைப் பகிர்ந்து வாழ்ந்ததை டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காணலாம். ஆயினும் பலதார மணத்தை அனுமதித்த சமூகங்களிலும் பெரும்பாலான ஆண்களுக்கு ஒரே மனைவிதான். அனுமதி வேறு, நடைமுறை வேறு. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய சாட்சியை இயற்கையிடமிருந்து அழைத்துவந்துவிடலாம் என்பதே இதிலிருந்து எனக்குப் புரிந்தது.

கேள்வியையே வேறு விதமாகப் பார்க்க எனக்கு உதவியது, சக ஆசிரியர்கள் கேலி செய்யும் என் இன்னொரு பித்து. 1960களின் அமெரிக்க மஸில் கார்கள் மீது எனக்குத் தீராத மோகம் உண்டு. பள்ளி நாட்களில் திருச்சியின் பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை கிழிந்த அமெரிக்கக் கார் இதழ்கள் எடைக்குக் கிடைத்தன. ஆங்கிலம் முழுமையாகப் புரியாத வயதில் கன அங்குலமும் குதிரைத்திறனும் எனக்கு மனப்பாடம். பிற்காலத்தில் தொல்காப்பிய நூற்பாக்களை மனனம் செய்ய அந்தப் பயிற்சி உதவியது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இக்கார்களின் தத்துவம் எளியது: நடுத்தர உடலில் பெரிய எஞ்சினைப் பொருத்துவது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. அதன் போண்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டெலோரியனும் கூட்டாளிகளும் 389 கன அங்குல வி8 எஞ்சினை 1964ஆம் ஆண்டு மாடலில் பொருத்தினார்கள். தனி மாடலாக அறிவிக்காமல், வாங்குபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் அம்சமாக விதியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதுவே ஜிடிஓ. விற்குமென்று எதிர்பார்த்தது 5,000. முதல் ஆண்டில் விற்றது 32,450. பிறகு போட்டி தொடங்கியது. 1970இல் செவெல் காரின் 454 கன அங்குல எஞ்சின் 450 குதிரைத்திறனைத் தொட்டது. அதே ஆண்டில் வந்த தூய காற்றுச் சட்டம், ஏறிக்கொண்டே போன காப்பீட்டுக் கட்டணம், 1973இன் எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து அந்த யுகத்தைச் சுருட்டி வைத்தன. பத்தாண்டு முழுதாக வாழவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. இக்கார்களைப் பெற்ற டெட்ராய்ட், கைவிடுதலைத் தொழிலாக வளர்த்த ஊர். 1920களில் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஜெனரல் மோட்டார்ஸில் ஆண்டுக்கொரு புதுத்தோற்றம் என்னும் முறையை நிலைநாட்டினார். 1927இல் அங்கு வந்த ஹார்லி ஏர்ல் அதற்குக் கலைவடிவம் தந்தார். சென்ற ஆண்டின் கார் நன்றாகவே ஓடும். ஆனாலும் அதன் சொந்தக்காரருக்கு அது அலுத்துப்போக வேண்டும், பக்கத்து வீட்டு வாசலில் நிற்பது அழகாகத் தெரிய வேண்டும். மருதத் தலைவனின் மனத்தை ஒரு தொழிற்சாலை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டு காசாக்கியதில்லை. அந்தத் தொழிற்சாலையில் பிறந்த கார்களை ஐம்பது அறுபது ஆண்டுகளாகக் கைவிடாமல் காத்து வருபவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் முரண்.

அப்படி ஒருவரை நேரில் பார்த்தேன். என் அண்ணன் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறார். 2018 ஆகஸ்டில் அங்கே சென்றிருந்தபோது வுட்வர்ட் அவென்யூவுக்கு அழைத்துப் போனார். 1960களில் இளைஞர்கள் இரவில் கார்ப் பந்தயம் விட்ட அந்தச் சாலையில், 1995 முதல் ஆகஸ்டு மாதத்தில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. சாலையோரம் மடக்கு நாற்காலிகளில் ஒரு முதிய தம்பதி அமர்ந்திருந்தார்கள். அருகில் 1966ஆம் ஆண்டின் ஜிடிஓ. அவர் இளைஞராக இருந்தபோது புதிதாக வாங்கியது. மூன்று கார்புரேட்டர் கொண்ட வகை. அம்மூன்றையும் ஒரே சீராக இயங்க வைப்பது தனிக் கலை என்றும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது அவை தம்முள் பிணங்கிக்கொள்ளும் என்றும் சொன்னார். எஞ்சின் மாற்றப்பட்டது. தரைத் தகடுகள் இரண்டு முறை வெட்டி ஒட்டப்பட்டவை. நம்மூர்ப் பட்டறை மொழியில் சொன்னால், அந்தக் காரில் டிங்கரிங் பார்க்காத இடமே இல்லை.

எதிரே நூற்றுக்கணக்கில் அழகிய கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ‘இவற்றில் ஒன்றின் மீதும் உங்களுக்கு ஆசை வரவில்லையா?’ என்று கேட்டேன். ‘ஏன் வராது? பார்ப்பதற்குத்தானே ஆண்டுதோறும் இங்கே வந்து உட்காருகிறேன்’ என்றார். ‘பார்த்துவிட்டு இதில்தான் வீட்டுக்குப் போவேன்.’ அவர் மனைவி என்னைப் பார்த்து, ‘இந்தப் பதிலை நான் பல தடவை கேட்டாகிவிட்டது’ என்று சிரித்தார்.

அந்த விடையில் நான் தேடிய ஒன்று இருந்தது. அவர் தமக்கு வேறு ஆசையே எழவில்லை என்று சொல்லவில்லை. ஆசை எழாதிருத்தலைப் பற்று என்று கொள்கிறோம். இயற்கையில் அப்படியொன்று இருக்கிறதா என்று எலியிடமும் பறவையிடமும் தேடுகிறோம். பிரெய்ரி வோல் என்னும் புல்வெளி எலியின் இணைப்பற்றுக்கு ஆக்ஸிடோசின் சுரப்பே திறவுகோல் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அச்சுரப்பை ஏற்கும் மரபணுவை நீக்கிய பிறகும் அவ்வெலிகள் இணை சேர்வதாக 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. எலிக்கே ஒற்றைத் திறவுகோல் இல்லை. நமக்கு எங்கிருந்து வரும்?

மிச்சிகனில் குளிர்காலத்தில் பனி உருக வேண்டுமென்று சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். அது காரின் அடிவயிற்றை அரித்துவிடும். துருப்பிடிப்பது காரின் குறையன்று. இரும்பு மண்ணிலிருந்து பெரும்பாலும் ஆக்சைடாகவே கிடைக்கிறது. பெரும் வெப்பம் செலவிட்டு அதைப் பிரித்து, தகடாக்கி, வளைத்து, வண்ணம் பூசிக் காராக்குகிறோம். ஈரமும் காற்றும் பட்டால் அது பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கிறது. அந்தக் கணக்கில் துருவே இயற்கை. அதற்காக யாரும் துருவிடம் காரை ஒப்படைத்துவிடுவதில்லை. இயற்கை எது என்ற கேள்வி, விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டுமே சொல்லும். விடலாமா என்பதை அது சொல்லாது.

கம்பனில் இதற்கு ஒரு சான்று உண்டு. அறுபதினாயிரம் தேவியரை உடைய தசரதனின் மகன் இராமன். பரம்பரைதான் இயற்கை என்றால் அவன் வழி வேறாக இருந்திருக்கும். அசோகவனத்தில் அனுமனிடம் சீதை நினைவுகூர்வது இராமனின் இயல்பை அன்று. தன் கரம் பற்றிய நாளில் அவன் தந்த வாக்கை. இப்பிறவியில் வேறொரு பெண்ணை மனத்தாலும் தொடுவதில்லை என்னும் அந்த வாக்கைக் கம்பன் வரம் என்றே சொல்கிறான். இயல்பாகவே கிடைத்துவிடுவதை யாரும் வரம் என்பதில்லை.

ஆனால் கார்க் காதலர்களிடம் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. பழைய கார்ச் சந்தையில் ‘எண்கள் ஒத்த வண்டி’ என்பதற்குத் தனி மதிப்பு. தொழிற்சாலையில் பொருத்திய அதே எஞ்சின் இன்றும் இருக்கிறது என்பதற்கு அவ்வெண்கள் சான்று. எஞ்சின் மாறிய வண்டியின் விலை சரிந்துவிடும். மைல் கணக்கு ஏறிவிடும் என்றஞ்சி ஓட்டாமலே பூட்டி வைப்பவர்களும் உண்டு. கற்பு என்ற சொல்லை நம் மரபு நெடுங்காலம் இப்படித்தான் கையாண்டது. தலைவன் எங்கு சென்று வந்தாலும் எண்களைச் சரிபார்ப்பது தலைவியிடம் மட்டுமே. வுட்வர்டில் நான் கண்டவரின் கார் அந்தச் சந்தையில் தோற்றுப்போகும். பழுதாகும், பழுது பார்ப்பார், ஓட்டுவார். தொடப்படாமல் இருப்பதற்கும் கைவிடப்படாமல் இருப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. நான் மதிப்பது இரண்டாவதை.

எல்லாவற்றையும் காத்தே தீர வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். சட்டகமே உளுத்துவிட்ட வண்டியை மேலே வண்ணம் பூசிச் சாலைக்கு அனுப்புவது ஆபத்து. பட்டறைக்காரர்கள் அதைத் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். மணவாழ்வைப் பற்றி அப்படிச் சொல்ல நம் உறவினர்கள் கூசுகிறார்கள். உள்ளே இருப்பவர் நசுங்கினாலும் வெளித்தோற்றம் நிற்க வேண்டும் என்கிறார்கள். அதற்கும் இயற்கையைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள்.

கார் பற்றிய ஒப்புமை இந்த இடத்தோடு நின்றுவிடும். காருக்கு விருப்பம் கிடையாது. அது ஊடாது, வாயில் மறுக்காது, வேறிடம் போகிறேன் என்று சொல்லாது. மருதப் பாடல்களில் என்னைப் பெரிதும் தொடுவது தலைவன் திரும்பி வருவதன்று; உள்ளே விடுவதா வேண்டாமா என்பதைச் சற்று நேரமேனும் தலைவி தன் கையில் வைத்திருப்பது. ஊடல் அவளுக்கிருந்த ஒரே வாக்குரிமை. இருவருக்கும் அந்த உரிமை சமமாக இருக்கும்போதுதான் ஒருவருக்கு ஒருவர் என்பது வாக்காகிறது. ஒருவருக்கு மட்டும் இருந்தால் அதன் பெயர் ஏற்பாடு.

அப்பாயி பள்ளிக்கூடம் போனவர் அல்லர். பறவையும் எலியும் என்ன செய்கின்றன என்று அவருக்குத் தெரியாது. கல்லூரி விடுமுறையில் ஒருமுறை, தாத்தா காலத்தில் ஊரில் பலருக்கும் இரண்டு குடும்பம் இருந்தது, அதெல்லாம் அந்தக் காலத்து இயல்பு என்று என் சித்தப்பா பேசிக்கொண்டிருந்தார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அப்பாயி நிமிராமல் சொன்னார்: ‘இயல்போ என்னவோ. அக்காவையும் ஒரு வார்த்தை கேட்கல, என்னையும் ஒரு வார்த்தை கேட்கல.’