காட்டிக்கொள்ள ஒரு கார்டு

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் விமானம் ஓட்டுகிறேன் என்பது வீட்டாருக்கு மட்டும் தெரியும். ஐம்பதைத் தாண்டியவன் கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிறான் என்று வெளியே சொல்லக் கூச்சம். 2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்தான் அந்த விளையாட்டு. செயற்கைக்கோள் படங்களைத் தரையாக விரித்து, அதன்மேல் பறக்கவிடும். திருச்சி விமான நிலையத்தில் கிளம்பி வடக்கே திரும்பினால் கொஞ்ச நேரத்தில் காவிரி வரும். அப்பால் கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் சதுரத்துக்குள் சதுரமாக எங்கள் வீதிகள்.

சிக்கல் அங்கேதான். வயல்வெளிமேல் வழுக்கிக்கொண்டு போகும் விமானம், ஊர்மேல் வந்ததும் தத்தித் தத்தி நகரும். என் கம்ப்யூட்டர் 2018-இல் வாங்கியது: ரைசன் 5 2600 சிப், பி450 போர்டு, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு. 2024-இல் ஒரு சீட்டு முடிந்து கையில் பணம் வந்ததும் அதை எதில் போடுவது என்று யோசிக்கவே இல்லை. கார்டுதான்.

ஏன் கார்டு என்பதற்கு அப்போது பல காரணங்கள் சொல்லியிருப்பேன். உண்மைக் காரணம் இதுதான்: அக்கா பையன்களும் அவர்களுடைய நண்பர்களும் என் மேஜையைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "மாமா, என்ன கார்டு?" உள்ளே என்ன சிப் என்று ஒருவனும் கேட்டதில்லை. 1060 என்றால் ஒரு மரியாதையான மௌனம். அந்த மௌனத்தை மாற்றத்தான் நான் ஆசைப்பட்டேன். கண்ணாடிக் கதவு வைத்த கேபினெட், உள்ளே விளக்கெரியும் மூன்று விசிறி கார்டு. விளையாட்டைவிட அந்தப் படம்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

தில்லை நகரில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் அந்த வருஷம் ஜனவரியில் வந்திருந்த ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பரைக் கேட்டேன். விற்றுத் தள்ள வேண்டியவர் கேள்வி கேட்டார். "மானிட்டர் என்ன சார்?" 1080, அறுபது ஹெர்ட்ஸ். "கேம்ல டெவலப்பர் மோடு போட்டுப் பாத்தீங்களா? எதுல மாட்டுதுன்னு அதுவே எழுதிக் காட்டும். பாத்துட்டு வாங்க, கார்டு எங்கயும் ஓடிடாது."

அன்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். திரையின் மூலையில் 'லிமிடெட் பை மெயின்த்ரெட்' என்று வந்தது. அப்படியென்றால் கார்டு சும்மா இருக்கிறது, சிப் கணக்குப் போட்டு முடிப்பதற்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். நம்ப மனசு வரவில்லை. ரெண்டர் ஸ்கேலிங்கை நூறிலிருந்து ஐம்பதுக்கு இறக்கினேன். கார்டின் வேலை பாதிக்கும் கீழே போயிற்று, படம் கலங்கலானது. ஆனால் வேகம் அதே இருபத்தைந்து ஃப்ரேம். பந்தியில் பரிமாறுகிறவர் எத்தனை சுறுசுறுப்பாக இருந்தாலும், உள்ளே சாதம் வடித்தால்தானே இலைக்கு வரும்? லட்ச ரூபாய் கார்டு வாங்கிப் போட்டிருந்தாலும் அதே இருபத்தைந்துதான்.

விமான விளையாட்டில் சிப்புக்கு வேலை அதிகம். காற்று, எடை, இறக்கையின் கோணம், கீழே வரும் வீடுகள், மரங்கள் என்று பெரும்பகுதி ஒரே வரிசையில் நின்று கணக்காகிறது. எத்தனை கோர் இருக்கிறது என்பதைவிட, தேவையான தகவல் பக்கத்திலேயே இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. அப்படிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் இடம்தான் எல்3 கேஷ். பழைய 2600-இல் அது 16 எம்பி. 2024 ஜனவரியில் வந்த ரைசன் 7 5700எக்ஸ்3டி-யில், சிப்பில் இருக்கும் கேஷுக்கு மேலேயே இன்னோர் அடுக்கு ஏற்றி, 96 எம்பி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ராம்வரை போய்வரும் அலைச்சல் குறையும். அதைவிட முக்கியம், என் பழைய பி450 போர்டிலேயே அது உட்காரும். ஆறு வருஷம் கழித்தும் போர்டையும் ராமையும் தூக்கிப்போடாமல் சிப்பை மட்டும் மாற்ற முடிகிறது என்பது இந்தத் துறையில் அபூர்வம்.

கார்டை விட்டு அந்த சிப்பையே வாங்கினேன். உட்கார வைப்பதற்கு முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். பென்டிரைவில் ஃபைலைப் போட்டு, ஒரு பட்டனை அழுத்திவிட்டுச் சில நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நடுவில் கரண்ட் போனால் போர்டே போச்சு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று பேப்பரில் பார்த்து, அந்த நாளைத் தவிர்த்து, யுபிஎஸ்ஸில் மாட்டித்தான் தொடங்கினேன். பழைய சிப்பைக் கழற்றுவது அடுத்த கண்டம். இந்த வகை சிப்பின் அடியில் 1331 ஊசிக் கால்கள். காய்ந்துபோன பேஸ்ட் பிடித்துக்கொண்டால் கூலரோடு சிப்பும் பெயர்ந்து வரும், கால் வளையும். அரை மணி நேரம் விமானத்தை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுத்தால் வந்துவிடும். வந்தது.

புது சிப்போடு கூலர் தரமாட்டார்கள், தனியாக வாங்க வேண்டும். அதன் உச்ச வரம்பு 90 டிகிரி. மேலே ஏற்றிய அடுக்கு மூடியிருப்பதால் சூடு வெளியேறவும் மெதுவாகும். குளிரூட்டிய அறையில் சோதித்துச் சொல்கிற எண்கள் கத்திரி வெயிலில் எங்கள் மாடி அறைக்குப் பொருந்தாது. உயரமான காற்றுக் கூலர் ஒன்றும், முன்பக்கம் வலை வைத்த கேபினெட்டும் வாங்கினேன். கண்ணாடிக் கனவு அங்கே கலைந்தது. "ராத்திரி பூரா ஹெலிகாப்டர் சத்தம்டா" என்று அம்மா சொல்வதும் நின்றது.

மின் கட்டணத்தையும் கணக்குப் பார்த்தேன். 4070 சூப்பர் 220 வாட் இழுக்கும், 1060 இழுப்பது 120. தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு யூனிட் கூடுதல். கேட்கச் சின்ன எண். ஆனால் தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கின் சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். ஏசி ஓடும் கோடையில் எங்கள் வீடு 490-இல் தள்ளாடுகிற வீடு.

ஊர்மேல் இப்போது நாற்பதை ஒட்டி வருகிறது. மூலையில் இருந்த எழுத்தும் மாறி 'லிமிடெட் பை ஜிபியு' என்கிறது. ஆக, இனிமேல் கார்டு வாங்கினால் அதில் ஒரு நியாயம் இருக்கும். ஆனால் வாங்கவில்லை. மானிட்டருக்கு இது போதும். அக்கா பையன்கள் வந்தால் இன்னமும் 1060 என்றுதான் சொல்கிறேன், அதே மௌனம்தான். எக்ஸ்3டி என்று நானாகவே எடுத்துச் சொல்லிப் பார்த்தேன், "ஓ" என்றார்கள்.

2024 நவம்பரில் அடுத்த சிமுலேட்டர் வந்தது. 32 ஜிபி ராம் இருந்தால் நல்லது என்றது. பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்காக மெமரி கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பி, ராம் விலை எங்கோ ஏறிவிட்டது; டிசம்பரில் மைக்ரான், வீட்டு உபயோகத்துக்கான க்ரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. மறுபடியும் கடைக்கு ஓடத் தோன்றியது. அதற்குமுன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய விளையாட்டில் ஒரு சுற்றுப் பறந்தேன். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், மலைக்கோட்டை எல்லாம் சுற்றியும் 16-இல் பதின்மூன்றுதான் நிரம்புகிறது. சென்னைமேல் போனால்தான் முட்டுகிறது. சென்னைக்குப் போக மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ஸ்ரீரங்கத்திலேயே நிற்கும்.