ஜிம்மியின் காது

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? இருந்தால், இதைப் படித்து முடித்த கையோடு அதைக் கூப்பிட்டுக் காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம். மடிந்து தொங்குகிற காதுள்ள நாயாக இருந்தால் நாளைக்கு என்று தள்ளிப் போடவும் வேண்டாம். நான் தள்ளிப் போட்டவள். அதனால்தான் எழுதுகிறேன்.

1984-இல் எங்கள் தோட்டத்துக் கிராணியார் மாற்றலாகிப் போனபோது, தம் நாயை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். காக்கர் ஸ்பானியல் சாதியும் நாட்டு நாயும் கலந்த குட்டை நாய். பெயர் ஜிம்மி. காதுகள் இரண்டும் சேம்பிலை மாதிரி தொங்கும். சோற்றுத் தட்டில் வாய் வைத்தால் காதும் சேர்ந்து குழம்பில் நனையும். லயத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. "பங்களா நாய் நம்ம வீட்டுல எப்படிப் பொழைக்கும்?" என்று நான் முணுமுணுத்தேன். ஒரே மாதத்தில் அது என் நாயாகிவிட்டது.

விடியுமுன் பிரட்டுக்கு நான் கிளம்பினால் அதுவும் கிளம்பும். பிறகு நிரைக்கு வரும். தலைவிளக்கு வெளிச்சத்தில் நான் மரத்தைப் பார்த்திருப்பேன். அது இருட்டைப் பார்த்திருக்கும். ஒருநாள் அடுத்த மரத்துக்குப் போகவிடாமல் என் கைலியைக் கவ்வி இழுத்தது. விளக்கைத் திருப்பிப் பார்த்தால், வேரடியில் நல்ல பாம்பு. சருகு அசைந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதற்குக் கேட்டிருக்கிறது. அந்தக் காதைத்தான் நான் கவனிக்காமல் விட்டேன்.

1986 கடைசியில் நல்ல மழை. ஜிம்மி நாள் தவறாமல் வாய்க்காலில் விழுந்து புரளும். சேற்றோடு வந்தால் நான் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டி விடுவேன். முதுகைச் சாக்கால் துடைப்பேனே தவிர, காதைத் துடைக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

முதலில் கண்டுபிடித்தவள் என் மகள். அப்போது அவளுக்கு 8 வயது. "அம்மா, ஜிம்மி காது நாறுதும்மா, புளிச்ச மாவு மாதிரி" என்றாள். "நாய்னா நாறத்தான் செய்யும், போய்ப் படி" என்று விரட்டினேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தாள். காதுக்குள்ளே காட்டச் சொன்னாள். அன்று எனக்கு உடம்பெல்லாம் வலி. முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு இரவெல்லாம் தலையை உதறத் தொடங்கியது. காது சுவரில் 'பட் பட்'டென்று அடிக்கும். பின்னங்காலால் சொறியும், சொறிந்துவிட்டு முனகும். தூக்கிப் பார்த்தபோது உள்ளே சிவந்து, பழுப்பு நிறத்தில் பிசின் போல அப்பியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றச் சொன்னார். என் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த எண்ணெய்தான்! இளஞ்சூட்டில் 4 இரவு ஊற்றினேன். பூண்டு வாடையில் மற்ற வாடை மறைந்தது. குணமாகிறது என்றே நினைத்தேன். ஐந்தாம் நாள் காலை ஜிம்மி எழுந்தது. தலை இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. வட்டமாக இரண்டு சுற்றுச் சுற்றியது, விழுந்தது.

என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கினார். பிரம்புக் கூடையில் நாயை வைத்து நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். டவுனில் இருந்த கால்நடை மருத்துவர் வயதானவர். மலாயில்தான் பேசினார். என்னைத் திட்டவில்லை. நாள்காட்டித் தாளைத் திருப்பிப் படம் போட்டுக் காட்டினார்.

மனிதர் காதுக் குழாய் பெரும்பாலும் நேராக உள்ளே போகிறது. நாயின் குழாய் அப்படியல்ல. கூரைத் தண்ணீர்க் குழாய் போல முதலில் கீழே இறங்கி, அப்புறம் ஒடிந்து திரும்பி உள்ளே போகிறது. அந்த மூலையில் போன தண்ணீர் சுலபத்தில் வெளியே வராது. மேலே காது மடல் மூடி போலக் கிடந்தால் காற்றும் புகாது. ஈரமும் சூடும் சேர்ந்த இடம்; நம் ஊர்ப் புழுக்கம் வேறு. நாயின் தோலில் எப்போதும் சிறிதளவு இருக்கிற ஒரு வகைக் காளான் அங்கே பெருகும். மலசேசியா என்பது அதன் பெயர். பின்னாலேயே பாக்டீரியாக் கிருமிகள் வரும். விட்டால் செவிப்பறையைத் தாண்டி நடுக்காதுக்கும் உள்காதுக்கும் போகும். உடம்பை நிலையாக நிறுத்துகிற உறுப்பு உள்காதில்தான் இருக்கிறது. ஜிம்மி சுற்றி விழுந்தது அதனால்தான்.

"எண்ணெய்தான் கெடுத்ததா?" என்று கேட்டேன். எண்ணெய் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்திருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய கெடுதல், அந்த நாட்கள் வீணானதுதான் என்றார். மகள் சொன்ன முதல் நாளை நான் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன்.

மயக்க மருந்து கொடுத்துக் காதைக் கழுவினார். செவிப்பறை கிழிந்திருந்தது. 6 வாரம் மாத்திரை. கூட்டுப் பணம் எடுத்துத் தீபாவளிக்கு வாங்கிய கடனை அடைக்க வைத்திருந்தேன். அது அதற்கே போயிற்று. நடை திரும்பியது. தலைச் சாய்வு முழுதாகப் போகவில்லை. இடது காது கேட்கவே இல்லை. எப்படித் தெரிந்தது என்றால், இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பி என்னைத் தேடும். அதைப் பார்க்கிற கொடுமை இருக்கிறதே! அதற்கப்புறம் 5 ஆண்டு அது உயிரோடு இருந்தது. நிரையில் நான் அதன் இடப்பக்கமாகவே நடந்தேன்.

இப்போது கிள்ளானில் என் மகள் ஒரு பீகிள் நாய் வளர்க்கிறாள். அதற்கும் தொங்கு காதுதான். அவள் செய்வதைப் பார்த்துச் சொல்கிறேன், கேளுங்கள்.

குளிப்பாட்டினாலும் மழையில் நனைந்தாலும் காதின் உட்புறத்தை உலர்ந்த துணியால் ஒற்றித் துடைக்கிறாள். சோற்றுக்கு வாய் குறுகிய கிண்ணம். காது வெளியே நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தூக்கிப் பார்ப்பாள். வெளிர் ரோஜா நிறமாக, வாடையில்லாமல் இருந்தால் தொடமாட்டாள். அளவுக்கு மீறிக் கழுவினாலும் தோல் புண்ணாகுமாம். அழுக்கு இருந்தால் மட்டும், மருத்துவரிடம் வாங்கிய காது கழுவும் திரவத்தைக் குழாய் நிறைய விட்டு, காதின் அடிப்பாகத்தை வெளியிலிருந்து அரை நிமிடம் பிசைகிறாள். 'சளக் சளக்' என்று கேட்கும். பிறகு நாயே தலையை உதறும். (அப்போது பக்கத்தில் நிற்காதீர்கள். என் புதுச் சேலை போயிற்று.) வெளியே வந்ததை விரலில் சுற்றிய பஞ்சால் துடைப்பாள், விரல் போகிற மட்டும்தான். காது குடையும் குச்சி அவள் வீட்டு நாய்க்குக் கிடையாது. அது அழுக்கை அந்த மூலைக்கே இடித்துத் தள்ளும். புண்ணுக்கு ஊற்றுகிற நுரை மருந்து, ஸ்பிரிட்டு, சுத்தமான புளிக்காடி எதையும் ஊற்றுவதில்லை. வெந்த தோலில் அவை தீயாய் எரியும்.

வலி, சீழ், தலைச் சாய்வு இருந்தால் வீட்டில் எதையுமே ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகளே காதைச் செவிடாக்கிவிடும். போன தடவை மிஞ்சிய புட்டியும் வேண்டாம். மருத்துவர் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்ப்பார். அழுக்கைக் கண்ணாடியில் தடவிப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்ப்பார். காளானுக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து. குட்டி நாயின் காதில் காப்பித் தூள் போலக் கறுப்பாக உதிர்ந்தால் பெரும்பாலும் காதுப் பூச்சி. பூனையிடமிருந்தும் ஒட்டும், ஆகவே வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் மருந்து போட வேண்டியிருக்கும். உதறி உதறி மடல் தலையணை போல வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, ஊசியால் குத்தாதீர்கள். வாடை போய்விட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தவும் கூடாது.

திரும்பத் திரும்ப வருகிறதா? இரண்டு காதிலுமா? நாய் பாதத்தையும் நக்கிக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் காதை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் தோல் ஒவ்வாமைதான் அடியில் இருக்கும். அதைப் பார்க்காமல் காதுக்கு எத்தனை புட்டி வாங்கினாலும் காசுதான் கரையும்.

போன மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி ஓடி வந்தாள். "பாட்டி, இது காது நாறுது" என்றாள். நான் கையில் இருந்த காப்பியை வைத்துவிட்டு எழுந்தேன்.