எல்லைச் சிற்றூர்களும் ஒரு காமிராவும்

களியக்காவிளையைத் தாண்டிச் சைக்கிளை மிதித்தால், சிறிது தொலைவிலேயே பாறசாலை வந்துவிடுகிறது. 1956 நவம்பர் 1-ந் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தது, கொண்டும் கொடுத்தும் வந்த உறவுகள் அற்றுப்போகவில்லை. அயல்நாட்டில் பிறந்த நம் குழந்தைகளுக்கு, பாட்டி ஓயாது சொல்லும் ஊர் இதுவே என்று காட்ட நல்ல படங்கள் வேண்டுமல்லவா?

கைப்பேசி போதாதா என்பர் சிலர். வெயிலில் போதும். இங்கோ கிளைப்பாதைகள் ரப்பர் தோட்ட நிழலில் செல்கின்றன. மழையும் இரு பருவங்களிலும் பெய்கிறது. 2019-இல் வந்த ரிக்கோ ஜி.ஆர். 3 காமிராவின் எடை 257 கிராமே. படம் பதியும் தகடு பெரிதாகையால் நிழலின் நுட்பமும் தப்பாது. ஆனால் நீர்க்காப்பு இல்லை. 2023-இல் வெளியான ஓ.எம். சிஸ்டம் டி.ஜி. 7, 15 மீட்டர் ஆழ நீரையும் தாங்கும். தகடு சிறிதாகையால் அந்தியொளியில் திணறும். நாம் முன்னதையே விரும்புவோம். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. வெளிச்சத்திற்கு உறை ஏது? கைப்பிடிப் பையில் வைத்தால் குலுங்கும். தோளில் குறுக்காக மாட்டி, உடலோடு இறுக்கிக் கொள்வதே நலம்.

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பலாவைக் காணலாம். மார்த்தாண்ட வர்மர் பகைவருக்குத் தப்பி அதன் பொந்தில் ஒளிந்தார் என்பது வழக்கு. அனுமதி கேட்டே படமெடுக்க வேண்டும். 1888-இல் ஸ்ரீ நாராயண குரு சிவப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறமோ நெய்யாற்றங்கரையிலேயே உள்ளது. இளவெயில் நீரில் படியும் வேளைக்கு அங்கே சேருமாறு விடியுமுன் புறப்படுவது நன்று.